“உங்க ரேட்டைச் சொல்லுங்க சார்!”: வீடு பேரம், வாசகர் கேள்வி–பதில்

பழைய வீட்டையோ ஃப்ளாட்டையோ புரோக்கர் மூலம் பேசி வாங்குவது பற்றி இந்த மாதம் நிறையக் கடிதங்கள் வந்திருந்தன. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்ததால் சில கடிதங்களைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம். கணக்குகளில் வரும் மனை விலையும் கட்டுமானச் செலவும் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் நிலவரத்தை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முடிச்சூர் பக்கம் அரை கிரவுண்டில் ஒரு தனி வீடு பார்த்தோம். கட்டி 18 வருடம் ஆகிறது, 900 சதுர அடி. 95 லட்சம் சொல்கிறார்கள். “ஓனர் கொஞ்சம் குறைப்பார், முதல்ல உங்க ரேட்டைச் சொல்லுங்க” என்கிறார் புரோக்கர். என்ன விலை சொல்வது? — வாசகர், மேற்குத் தாம்பரம்

அவர் சொன்ன 95-லிருந்து கீழே இறங்கிக் கணக்குப் போடாதீர்கள். அப்படிப் போட்டால் 90-க்கு முடிந்தாலே லாபம் போலத் தோன்றும். அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, மனைக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு என்று கீழிருந்து கட்டிக்கொண்டு வாருங்கள்.

முதலில் மனை. அக்கம்பக்கத்தில் என்ன விலை போகிறது என்று புரோக்கரைக் கேட்டால் விற்பவர்கள் ‘சொல்லும்’ விலைதான் கிடைக்கும். முடிந்த விலைக்கு ஓரளவு நம்பகமான இடம் வில்லங்கச் சான்று, அதாவது ஒரு சொத்தின் மீது பதிவான கிரயம், அடமானங்களின் பட்டியல். பதிவுத்துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து இலவசமாகவே பார்க்கலாம். அதே லேஅவுட்டில் கடந்த இரண்டு வருடத்தில் பதிவான கிரயங்களைத் தேடுங்கள். பலர் வழிகாட்டி மதிப்புக்கே (பதிவுக்காக அரசு நிர்ணயித்த மதிப்பு) பத்திரம் போட்டிருப்பார்கள் என்பதால், கிரயத் தொகையை மட்டும் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். கிரயம் பதிவான அன்றோ மறுநாளோ அதே மனைக்கு வங்கியின் பெயரில் உரிமை ஆவண ஒப்படைப்புப் பதிவு (கடனுக்காகப் பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்ததன் பதிவு) இருக்கிறதா என்று பாருங்கள். கடன் தொகை அதில் இருக்கும். 48 லட்சம் கடன் என்றால், வங்கி பொதுவாக 80 சதவீதத்துக்கு மேல் தராது என்பதால், அந்தச் சொத்துக்கு 60 லட்சமாவது மதிப்புப் போட்டிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். இப்படி மூன்று நான்கு பதிவுகள் கிடைத்தால் அந்தத் தெருவின் விலை பிடிபட்டுவிடும்.

சதுர அடி 5,500 என்று தெரிய வருவதாக வைத்துக்கொள்வோம். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடிக்கு 66 லட்சம். அடுத்தது கட்டடம். இன்று புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 2,400 என்றால், 900 சதுர அடிக்கு 21 லட்சத்து 60 ஆயிரம். கட்டடத்தின் ஆயுளை 60 வருடம் என்று எடுத்தால், 18 வருடத்துக்கு 30 சதவீதம் கழியும். மிச்சம் 15 லட்சத்து 12 ஆயிரம். இரண்டும் சேர்ந்து 81 லட்சத்து 12 ஆயிரம்.

இனி வீட்டைப் பார்க்க வேண்டும். உங்கள் பகுதியில் முதல் கேள்வி தண்ணீர்தான். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் எவ்வளவு உயரத்துக்கு நின்றது என்று பக்கத்து வீட்டிலும் தெருமுனைக் கடையிலும் கேளுங்கள். வீட்டுக்குள் மர அலமாரியின் அடிக்கதவு, நிலைப்படியின் கால், மாடிப்படிக்குக் கீழே உள்ள சுவர், இந்த மூன்று இடத்திலும் பெயின்டை மீறிப் பழைய கறை தெரியும். தெருவில் நின்று வாசற்படியைப் பாருங்கள். சாலையை மேலே மேலே போட்டு, வீட்டுத் தரை சாலையைவிடத் தாழ்ந்து போயிருந்தால், விலையில் ஒன்றிரண்டு லட்சம் குறைப்பதால் அது சரியாகாது. ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கவோ, தரையை உயர்த்திக் கதவு ஜன்னல் எல்லாம் மாற்றவோ ஆகும் செலவை விசாரித்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு. வாங்காமல் விடுவதும் பெரும்பாலும் சரியான முடிவே.

அந்தச் சிக்கல் இல்லை, மாடியில் ஒழுகலும் பழைய ஒயரிங்கும்தான் குறை என்றால், மேஸ்திரியையும் எலக்ட்ரீஷியனையும் கூட்டிப்போய் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். இரண்டும் சேர்ந்து இரண்டரை லட்சம் என்றால், உங்கள் கணக்கு 78 லட்சத்து 62 ஆயிரத்தில் நிற்கிறது. 78 லட்சத்து 50 ஆயிரம் உங்கள் உச்சவரம்பு. அதோடு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அது 7 லட்சத்து 6 ஆயிரத்து 500. புரோக்கருக்கு 1 சதவீதம் 78 ஆயிரத்து 500. மொத்தம் 86 லட்சத்து 35 ஆயிரம் கையில் இருந்து போகும். வக்கீல் செலவும் வங்கிச் செலவும் தனி. இந்த மொத்தத் தொகை தாங்குமா என்று பார்த்த பிறகே 78.50-ஐ உச்சவரம்பாக வையுங்கள். அந்த எண்ணைப் புரோக்கரிடம் சொல்லவே கூடாது. “சார், உங்க மேக்ஸிமம் எவ்ளோ, நான் முடிச்சுத் தர்றேன்” என்று அன்பாகத்தான் கேட்பார். அந்த எண் அவர் காதில் விழுந்துவிட்டால் அதுவே விற்பவரின் அடிவிலை ஆகிவிடும்.

முதலில் 73 சொல்லலாம். எஸ்டிமேட் தாள்களைக் காட்டி, மனைக்கு இவ்வளவு, கட்டடத்துக்கு இவ்வளவு என்று கணக்கோடு சொல்லுங்கள். கணக்கில்லாமல் 73 என்றால், “95-க்கு 73 கேக்குறாங்க” என்ற ஒற்றை வரிதான் ஓனரிடம் போய்ச் சேரும். பிறகு 75.50, 77, 77.75 என்று ஏறலாம். ஒவ்வொரு தடவையும் ஏறும் தொகை குறைந்துகொண்டே வர வேண்டும். இரண்டரை லட்சம், மறுபடி இரண்டரை லட்சம் என்று ஏறினால் இன்னும் இரண்டரை லட்சம் பாக்கி இருக்கிறது என்றுதான் எதிராளி நினைப்பார். கடைசி 75 ஆயிரத்தை நேரில் உட்கார்ந்து பேசும்போது கொடுப்பதற்காக வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிட்டிங்கில் ஓனருக்கு எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. அந்த வீட்டை அவர்கள் பார்த்துப் பார்த்துக் கட்டியிருப்பார்கள். “இடிச்சிட்டுத்தான் கட்டணும்” என்று அவர்கள் எதிரில் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால் பணத்தைவிட மனசு குறுக்கே நிற்கும்.

புரோக்கர் ரெண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறார். அவர் யார் பக்கம்? விலை குறைந்தால் அவருக்கு நஷ்டம்தானே, நமக்காக எப்படிப் பேசுவார்? — வாசகி, கோவை

கமிஷனை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் ‘முடிவது’ பக்கம். 80 லட்சத்துக்கு 1 சதவீதம் 80 ஆயிரம். விலை 76-ஆகக் குறைந்தால் உங்களிடமிருந்து வருவது 76 ஆயிரம். ரெண்டு பக்கமும் சேர்த்து அவருக்கு இழப்பு 8 ஆயிரம்தான். வியாபாரமே முடியாமல் போனால் 1 லட்சத்து 60 ஆயிரமும் போச்சு. அதனால் நீங்கள் நிஜமாகவே வாங்கப்போகிறவர், பணம் தயார், பேச்சு மாறமாட்டீர்கள் என்று அவருக்குத் தெரிந்தால், ஓனரிடம் உங்களுக்காக நாலு லட்சம் குறைத்துப் பேசுவதில் அவருக்குத் தயக்கம் இருக்காது. வங்கியின் கடன் அனுமதிக் கடிதம், எத்தனை நாளில் கிரயம் என்ற உறுதி, அட்வான்ஸ் எவ்வளவு என்ற தகவல், இவற்றை விலையோடு சேர்த்து அவர் கையில் கொடுங்கள். “பார்ட்டி ஸ்ட்ராங்” என்று அவர் ஓனரிடம் சொல்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு ஒரே ஒரு இடத்தில் தலைகீழாகும். மேலே வைத்து விற்பது. “எனக்கு 72 வந்தா போதும், மேல கிடைக்கிறது உன்னோடது” என்று ஓனர் சொல்லியிருப்பார். உங்களிடம் 80 என்று சொன்னால், இடையில் உள்ள 8 லட்சமும் புரோக்கருடையது. நீங்கள் குறைக்கச் சொல்லும் ஒவ்வொரு லட்சமும் முழுசாக அவர் பையிலிருந்து போகும். இங்கே அவர் உங்களுக்காகப் பேச மாட்டார், பேசவும் முடியாது.

அடையாளங்கள் உண்டு. டோக்கன் கொடுக்கும் வரை ஓனரைக் கண்ணில் காட்டமாட்டார். “கமிஷனே வேணாம், அவங்க பார்த்துப்பாங்க” என்பார். டோக்கனைத் தன் கணக்கில் போடச் சொல்வார். அதே வீட்டை வேறு இரண்டு புரோக்கர்கள் வேறு வேறு விலைக்குச் சொல்வார்கள். இதில் இரண்டு சேர்ந்தாலே எச்சரிக்கையாக இருங்கள். செய்ய வேண்டியது ஒன்றே: “ஓனர் முன்னாடி உட்காரும்போதுதான் விலை பேசுவேன், உங்க கமிஷன் தனியா கண்டிப்பா உண்டு” என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். முதல் பாதியை மட்டும் சொன்னால், அவரைக் கழற்றிவிடப் போகிறீர்கள் என்று பயந்து பேச்சைக் கெடுப்பார்.

கழற்றிவிடவும் கூடாது. வீட்டைக் காட்டியவருக்குக் கமிஷன் நியாயமாகச் சேர வேண்டியது. கொடுக்காமல் விட்டால் பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் தகராறு வரும். வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன்பே கமிஷனைப் பேசிவிடுங்கள். 1 சதவீதமா 2 சதவீதமா, எந்தத் தொகைக்கு, எப்போது. அக்ரிமெண்ட் அன்று கால் பங்கு, கிரயம் முடிந்ததும் மிச்சம் என்பது இரு தரப்புக்கும் நியாயம். முழுவதையும் அக்ரிமெண்ட் அன்றே கொடுத்துவிட்டால், அதன்பின் பட்டாவில் பெயர் பிழை, வரி பாக்கி என்று ஓனரிடம் ஓட ஆள் இருக்காது.

“இன்னொரு பார்ட்டி நாளைக்கே அட்வான்ஸ் போடுறாங்க, இன்னைக்கு 50 ஆயிரம் டோக்கன் கொடுத்து லாக் பண்ணிடுங்க” என்கிறார் புரோக்கர். பத்திர ஜெராக்ஸ் டோக்கனுக்குப் பிறகுதானாம். கொடுக்கலாமா? — வாசகர், திருச்சி, ஸ்ரீரங்கம்

இன்னொரு பார்ட்டி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க மெனக்கெட வேண்டாம். உங்கள் விலைக்கு நீங்களே கெடு வையுங்கள்: “இந்த விலை வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும். அதுக்குள்ள பத்திரம் பார்த்துட்டா அன்னைக்கே டோக்கன்.” அவசரம் அவர் பக்கம் போய்விடும்.

ஜெராக்ஸ் தர யோசிப்பதில் ஓனருக்கும் நியாயம் உண்டு. பத்திர நகல் பத்துப் பேர் கையில் சுற்றுவதை யாரும் விரும்பமாட்டார்கள். அதனால் நகல் கேட்காதீர்கள். ஓனர் வீட்டிலேயே உட்கார்ந்து அசல் கிரயப் பத்திரத்தைப் பார்த்து, ஆவண எண், வருடம், சார்பதிவாளர் அலுவலகம், சர்வே எண், யார் பெயர், நான்கு எல்லை, இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. இது போதும், வில்லங்கம் பார்க்கலாம், சான்றிட்ட நகலுக்கு நீங்களே மனு போடலாம், பட்டாவில் யார் பெயர் என்று பார்க்கலாம். குறிப்பு எடுக்கவும் விடமாட்டேன் என்றால் அந்த இடத்தில் டோக்கன் வேண்டாம். அசலைக் காட்டவே தயங்கினால், பத்திரம் வங்கியிலோ தனியாரிடமோ அடமானத்தில் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். இருந்தால் தவறில்லை, ஆனால் கடன் பாக்கி எவ்வளவு, அதை அடைக்கும் காசோலை நேரே வங்கிக்குப் போகுமா என்பதும் பேரத்தில் ஒரு பகுதியாகிறது.

டோக்கன் புரோக்கர் கணக்கில் போகக் கூடாது. ஓனர் பெயரில் காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம். பத்திரத்தில் இரண்டு பேர் பெயர் இருந்தால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தடை. வாங்கியவருக்கு, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். இதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னால் ஓனரே காசோலை கேட்பார்.

ரசீதை வெள்ளைத்தாளில் எழுதினாலும் இந்த அளவுக்காவது எழுதுங்கள்:

“இன்ன சர்வே எண்ணில், இன்ன கதவு எண் கொண்ட வீட்டை, மொத்தக் கிரயம் ரூ. 58,00,000-க்கு விற்கச் சம்மதித்து, டோக்கனாக ரூ. 50,000 காசோலை எண் இன்னது மூலம் பெற்றுக்கொண்டேன். 15 நாளுக்குள் ஆவணங்களின் நகல் கொடுத்து, விற்பனை ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியது. உரிமையில் குறை என்று வாங்குபவரின் வக்கீல் எழுத்தில் சொன்னாலோ, நான் விற்க மறுத்தாலோ டோக்கனை 7 நாளுக்குள் திருப்பித் தருவேன். வாங்குபவர் காரணமின்றி விலகினால் டோக்கன் திரும்பக் கிடையாது.”

கடைசி வாக்கியம் உங்களுக்குப் பாதகமாகத் தெரியும். அது இருந்தால்தான் முந்தைய வாக்கியத்துக்கு ஓனர் கையெழுத்துப் போடுவார்.

விலை 50 லட்சத்தைத் தொட்டால், வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ். (விற்பவருக்குத் தரும் பணத்திலிருந்து பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடித்து, பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும். 58 லட்சத்துக்கு 58 ஆயிரம். அது ஓனருக்குத் தர வேண்டிய பணத்திலிருந்தே போகிறது, விலைக்கு மேல் தருவதில்லை. இதை டோக்கன் அன்றே சொல்லிவிடுங்கள். பதிவு நாளன்று காசோலையில் 58 ஆயிரம் குறைவதைப் பார்த்துவிட்டுக் கோபப்படும் ஓனர்கள் நிறைய.

60 லட்சம் என்று பேசி முடித்தோம். இப்போது ‘40 வெள்ளை, 20 ரொக்கம்’ என்கிறார் ஓனர். “பதிவுச் செலவும் மிச்சம்தானே சார்” என்கிறார் புரோக்கர். எங்களுக்கு வங்கிக் கடன் வேண்டும். — வாசகி, மதுரை

ஒத்துக்கொள்ளாதீர்கள். சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம், கணக்கும் உங்களுக்கு எதிராகத்தான் நிற்கிறது.

வங்கி, ஒப்பந்த விலை அல்லது தன் மதிப்பீட்டாளர் போடும் மதிப்பு, இரண்டில் குறைந்ததற்குத்தான் கடன் தரும். ரிசர்வ் வங்கி வரம்பின்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 சதவீதம் உச்சம். 60-க்கு ஒப்பந்தம் போட்டால் 48 லட்சம் வரை எதிர்பார்க்கலாம். 40-க்குப் போட்டால் 32 லட்சம்தான். கைப்பணமாக 28 லட்சம் திரட்ட வேண்டும், அதில் 20 ரொக்கம்.

பதிவுச் செலவு மிச்சம் என்பதையும் பார்ப்போம். அந்த இடத்தின் வழிகாட்டி மதிப்புப்படி சொத்து 50 லட்சம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 என்று எழுதினாலும் 50-க்குத்தான் முத்திரைத் தீர்வை கேட்பார்கள். ஆக மிச்சம், 60-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசத்தில் 9 சதவீதம், 90 ஆயிரம். ஆனால் வழிகாட்டி மதிப்பைவிட 10 லட்சம் குறைத்து வாங்கியதாகப் பத்திரம் சொல்கிறது. வித்தியாசம் 50 ஆயிரத்தையும், கிரயத் தொகையில் 10 சதவீதத்தையும் தாண்டிவிட்டால், முழு வித்தியாசத்தையும் வாங்கியவரின் வருமானமாகவே வரித்துறை எடுத்துக்கொள்ளும். பழைய வருமான வரி முறையில் 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 10 லட்சத்துக்கு வரி 3 லட்சம், செஸ் தனி. 90 ஆயிரம் மிச்சம் பிடிக்க 3 லட்சம். நாளைக்கு நீங்கள் விற்கும்போது நீங்கள் கொடுத்த 60 முழுவதும் அடக்கவிலையாகக் கணக்கில் வராது என்பதால் அங்கேயும் வரி கூடும்.

மறுப்பதோடு நிறுத்தாமல், ஓனர் ஏன் கேட்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் மூலதன ஆதாய வரி பயம். 12 லட்சத்துக்கு வாங்கியதை 60-க்கு விற்றால் ஆதாயம் 48 லட்சம், 12.5 சதவீதப்படி 6 லட்சம் வரி. ஆனால் 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்து என்றால், இங்கே வசிப்பவர் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்ற கணக்கையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். ஆதாயத்தை இரண்டு வருடத்துக்குள் இன்னொரு வீடு வாங்கப் போட்டாலோ, மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ விலக்கு உண்டு. ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட அரசு நிறுவனப் பத்திரங்களில் 50 லட்சம் வரை போட்டாலும் உண்டு. மகனுக்கு வீடு வாங்கத்தான் விற்கிறேன் என்று சொல்லும் பெரியவர்களுக்குக்கூட இது தெரிவதில்லை. (வீடு அவர் பெயரில் வாங்கப்பட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.) ஒரு ஆடிட்டரிடம் அவரைக் கூட்டிப்போகும் ஃபீஸை நீங்களே கொடுத்தாலும் லாபம்தான். ரொக்கப் பேச்சு அந்த மேசையிலேயே அடங்கிவிடுவது உண்டு.

கடன் வாங்குபவர்கள் அனைவருக்கும் ஒன்று: மதிப்பீட்டாளர் 60-க்குப் பதில் 54 போட்டால், கடன் 48-லிருந்து 43 லட்சத்து 20 ஆயிரமாகக் குறைந்து 4 லட்சத்து 80 ஆயிரம் துண்டு விழும். ‘வங்கி மதிப்பீடு இன்ன தொகைக்குக் கீழே போனால் அட்வான்ஸ் திரும்ப வரும்’ என்ற வரியை ஒப்பந்தத்துக்குள் கொண்டுவர முயலுங்கள். மதிப்பீடு குறைந்துவந்தால் அந்த அறிக்கை விலையை மறுபடி பேசவும் ஒரு ஆதாரம்.

பெரம்பூரில் 25 வருட ஃப்ளாட், 900 சதுர அடி, சதுர அடி 7,000 என்று 63 லட்சம் சொல்கிறார்கள். — வாசகர், சென்னை

அந்த 900 எதன் அளவு? பொதுப் படிக்கட்டையும் வராண்டாவையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். டேப் வைத்து உள்ளே அளந்து பாருங்கள். 25 வருடக் கட்டடத்தில் விலையின் பெரும்பகுதி, பத்திரத்தில் உள்ள பிரிக்கப்படாத பங்கில்தான் (மனையில் அந்த ஃப்ளாட்டுக்குச் சேரும் பங்கு) இருக்கிறது. அதே 900 அடிக்கு ஒரு கட்டடத்தில் 450 சதுர அடி பங்கு இருக்கும், இன்னொன்றில் 280. இடித்துக் கட்டும் நாள் வரும்போது இந்த எண்தான் பேசும். பங்கின் அளவை அந்தத் தெருவின் மனை விலையால் பெருக்கி, தேய்மானம் போன கட்டட மதிப்பைக் கூட்டுங்கள். கார் பார்க்கிங் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா, அசோசியேஷன் பாக்கி, சொத்து வரி, மின் இணைப்பு யார் பெயரில், லிஃப்ட் மாற்ற எல்லோரிடமும் பணம் கேட்கப்போகிறார்களா, இவற்றைச் செயலாளரிடம் கேளுங்கள். பாக்கிகளை ஓனர் தீர்க்க வேண்டும் அல்லது விலையில் கழிய வேண்டும்.

ஓனர் அமெரிக்காவில். தம்பிக்குப் பவர் கொடுத்திருக்கிறார். விலையைத் தம்பியிடமே முடிக்கலாமா? — வாசகர், தஞ்சாவூர்

பவர் பத்திரத்தில் விற்கவும், விலை பேசவும், பணம் பெறவும் அதிகாரம் இருக்கிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். ஓனரை வீடியோ காலில் பார்த்து விலையை அவர் வாயால் கேளுங்கள். பணம் ஓனரின் கணக்குக்குப் போகட்டும். டி.டி.எஸ். இங்கே 1 சதவீதம் கிடையாது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு 50 லட்ச வரம்பும் பொருந்தாது, பிடிக்கும் விகிதமும் மிக அதிகம். குறைத்துப் பிடிக்க வேண்டுமானால் ஓனர் வரித்துறையிடம் சான்றிதழ் வாங்க வேண்டும், அதற்கு நாள் ஆகும். விலை முடிவதற்கு முன்பே இதைப் பேசாவிட்டால் பேச்சு நடுவழியில் நிற்கும்.

ஆடி மாதத்தில் விலை பேசுவது நல்லதல்ல என்கிறார் மாமியார். — வாசகி, சேலம்

பேரத்துக்கு ஆடி நல்ல மாதம். வீடு பார்க்க வருவோர் குறைவு, புரோக்கருக்கும் நேரம் இருக்கும், ஓனரும் காத்திருப்பார். விலையை ஆடியில் பேசிவிட்டு, டோக்கனும் அக்ரிமெண்டும் ஆவணி பிறந்து வைத்துக்கொண்டால் மாமியாருக்கும் திருப்தி. பேசிய விலையை மட்டும் அன்றே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, ‘சரி’ என்று பதில் வாங்கி வையுங்கள்.

62 லட்சத்துக்கு அக்ரிமெண்ட் போட்டு 5 லட்சம் கொடுத்துவிட்டோம். ஒரு மாதம் கழித்து, “ஓனர் இன்னும் 3 லட்சம் எதிர்பார்க்கிறார்” என்கிறார் புரோக்கர். அக்ரிமெண்ட் 20 ரூபாய்ப் பத்திரத்தாளில்தான், பதிவு செய்யவில்லை. — வாசகர், திருநெல்வேலி

முதலில் அது ஓனர் சொன்னதுதானா என்று நேரில் கேளுங்கள். சில நேரம் செய்தி வழியில் பிறந்ததாகவே இருக்கும். ஓனர்தான் சொல்கிறார் என்றால், பெரும்பாலும் வீட்டில் யாரோ ஒருவர், கேட்காமல் விடப்பட்ட மகளோ மருமகனோ, “கம்மியா கொடுத்துட்டீங்க” என்று சொல்லியிருப்பார். அவர் கையெழுத்து பத்திரத்துக்குத் தேவைப்படுமா என்பதையும் பாருங்கள். பூர்வீகச் சொத்து என்றால் தேவைப்படலாம். அப்போது நீங்கள் பேச வேண்டிய ஆள் அவர்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். நீங்கள் கொடுத்த 5 லட்சத்துக்குப் பதிவுக் கட்டணம் 1 சதவீதமாக 5 ஆயிரம்தான் ஆகியிருக்கும். பதிவாகியிருந்தால் வில்லங்கத்தில் உங்கள் பெயர் ஏறி, அதை மறைத்து வேறு யாருக்கும் விற்க முடியாத நிலை இருந்திருக்கும். இப்போதும் உங்கள் கை வெறுங்கையல்ல, ஆனால் பலம் குறைவு. எழுதி நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்யலாம் என்பதால், ஓனர் கையெழுத்துப் போட இசைந்தால் உடனே செய்துவிடுங்கள்.

இசையாவிட்டால், மீதிப் பணம் தயாராக இருப்பதற்கான ஆதாரத்தை இன்றே சேர்க்கத் தொடங்குங்கள். கடன் அனுமதிக் கடிதம், வங்கிக் கணக்கு நிலுவை, “கிரயத்துக்குத் தயார், நாள் சொல்லுங்கள்” என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம். ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கேட்டு நீதிமன்றம் போனால், வாங்குபவர் தொடக்கத்திலிருந்து தயாராகவும் விருப்பமாகவும் இருந்தாரா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஒப்பந்தத்தில் குறித்த கெடு முடிவதற்குள் இந்தக் கடிதம் போயிருக்க வேண்டும்.

அதே நேரம் பேச்சையும் விடாதீர்கள். 3 லட்சம் கூட்டித் தருவதைவிட, ஓனருக்குப் பயன்படும் வேறொன்றைக் கொடுத்துப் பாருங்கள். கிரயம் முடிந்து இரண்டு மாதம் வாடகையில்லாமல் அவர்கள் அங்கேயே இருக்கலாம் என்றோ, 90 நாள் என்று பேசிய பாக்கியை 45 நாளில் தருகிறோம் என்றோ சொல்லலாம். இருக்க விடுவதாக இருந்தால், காலி செய்யும் தேதியைத் தனியாக எழுதி, கையெழுத்து வாங்கி, ஒரு சிறு தொகையைச் சாவி கைக்கு வரும் நாளுக்கு என்று நிறுத்தி வையுங்கள்.